பாரூக் என்ற முதல் சொல்: திக்கும் நாவோடு ஜெப ஆலயத்துக்குள் நுழைபவருக்கு

யூதர்கள் சொல்லும் ஆசி மொழிகள் பெரும்பாலும் ஒரே சொல்லில்தான் தொடங்கும்: பாரூக். 'போற்றப்படுவீராக' என்று தமிழில் சொல்லலாம். ரொட்டியைப் பிட்கும் முன் பாரூக். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் முன் பாரூக். இடி இடித்தால் பாரூக். கழிவறைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தால் அதற்கும் ஒரு பாரூக். நாளொன்றுக்கு 100 ஆசி சொல்ல வேண்டும் என்று ரபி (யூத மத ஆசான்) மெயிர் கூறியதாக, பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. உதடு இரண்டும் 'ப' எழுத்தில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும் ஒருவர் இந்த மதத்தில் பிறந்தால் அவர் பாடு என்ன ஆகும்?

என் நண்பர் அப்படிப் பிறந்தவர். லண்டன்காரர். திக்குபவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் சிறிய குழு ஒன்றில் எங்களுக்குப் பழக்கமானது. 13 வயதில் நடந்த பார் மிட்ஸ்வா சடங்கில் தோராவில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களில், அவர் வாசிக்க வேண்டிய பகுதியை வேறொருவர் வாசித்தார். இவர் புதுச் சட்டையோடு பக்கத்தில் நின்றார். அதன் பிறகு 30 ஆண்டுகள் ஜெப ஆலயத்தின் கடைசி வரிசையைத் தாண்டி அவர் முன்னே போகவில்லை. நாற்பதைக் கடந்த பின் திரும்பவும் முயன்றார். விருந்தினனாகப் பல சனிக்கிழமைகள் அவர் அருகில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் உள்ள படிகள் பெரும்பாலும் அவர் ஏறியவை. நான் யூதன் அல்லன், திக்குபவன். ஆகவே சமயச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் உங்கள் ரபியைக் கேளுங்கள். பயத்தைப் பற்றிப் பேச மட்டும் எனக்குத் தகுதி உண்டு.

யூத வழிபாட்டுக்குப் புதிதாக வருபவர், திருமணத்தால் யூதக் குடும்பத்துக்குள் போனவர், பல ஆண்டு விலகியிருந்து திரும்புபவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். திக்குபவர் அன்றாடப் பேச்சில் தப்பித்துக்கொள்ளும் வழி, சொல்லை மாற்றிப் போடுவது. இருபது வயதில் எனக்குப் 'பல்லாவரம்' வாயில் வராது. குரோம்பேட்டைக்கு டிக்கெட் வாங்கிப் பல்லாவரத்தில் இறங்கிவிடுவேன். கூடுதல் காசு போனாலும் மானம் மிஞ்சும். வழிபாட்டில் அந்தக் குரோம்பேட்டை இல்லை. பாரூக்குக்குப் பதில் வேறு சொல் போட முடியாது. இதைத்தான் நண்பர் 30 ஆண்டுகள் சாபமாக நினைத்தார். தப்பிக்கும் வழி இல்லாத இடத்தில்தான் அவருக்குத் தைரியமும் கிடைத்தது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: திக்கலை எழுதிவையுங்கள்

திக்கல் மூன்று வகையாக வரும். எழுத்து திரும்பத் திரும்ப வருவது, எழுத்து இழுபடுவது, சத்தமே வராமல் அடைத்துக்கொள்வது. பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். கோழைத்தனத்தால் வருவதும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்திலும் பரம்பரையிலும் இதன் வேர் இருக்கிறது. பயம் பிறகு வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேரைப் பிரார்த்தனை அறுக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் போவதை நிறுத்த வேண்டாம். இங்கே நாம் மேலே உட்கார்ந்திருக்கும் பயத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம்.

சித்தூர் எனப்படும் ஜெபப் புத்தகத்தை எடுத்து, உங்களுக்கு அடைக்கும் சொற்களின் கீழே பென்சிலால் புள்ளி வையுங்கள். மரபைக் கடைப்பிடிக்கும் யூதர் ஓய்வுநாளில் எழுதுவதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். நண்பரின் புத்தகத்தைப் பார்த்தால் சில பக்கங்களில் எறும்பு ஊர்வது போலிருக்கும். ஆனால் 'ம', 'ஷ' எழுத்துகளின் கீழ் ஒரு புள்ளிகூட இல்லை. "எல்லாமே அடைக்கும் என்று நினைத்திருந்தேன், எண்ணிப் பார்த்தால் நான்கே எழுத்துதான்" என்றார்.

இரண்டாம் படி: மோசேயை நீங்களே வாசியுங்கள்

யாத்திராகமம் 3, 4, 6, 7 ஆகிய அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். எபிரேயத்தில் மோசே தன்னைக் 'கனத்த வாயும் கனத்த நாவும் உள்ளவன்' என்று சொல்லிக்கொள்கிறான். தமிழ் விவிலியம் இன்னும் நேரடியாகத் 'திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன்' என்று போட்டுவிட்டது. ஞாயிறு பள்ளிக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வரி பழக்கமானதுதான்.

இந்தக் கனத்த வாய் என்னவென்று உரைகாரர்கள் நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி, தன் காலத்துப் பிரெஞ்சில் திக்குவாயனைக் குறிக்கும் சொல்லையே எடுத்துப் போட்டு, இதுதான் பொருள் என்று முடித்துவிட்டார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ரஷ்பாம் ஒப்பவில்லை. கடவுளை முகமுகமாய் அறிந்து, அவர் கையிலிருந்து தோராவைப் பெற்ற தீர்க்கதரிசி திக்குவாயனாக இருப்பானா என்று கேட்டு, மோசேக்கு எகிப்திய மொழிதான் சரளமாக வரவில்லை என்று பொருள் சொன்னார். தாத்தாவுக்குச் சங்கடமில்லாத ஒன்று பேரனுக்குச் சங்கடமாகிவிட்டது. எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது சிரித்தவர்கள் அதிகம். எல்லார் வீட்டிலும் ஒரு ரஷ்பாம் இருக்கிறார்.

ரபிகளின் விவிலிய விளக்கக் கதைகளான மித்ராஷில் வரும் தணல் கதையையும் கேள்விப்படுவீர்கள். குழந்தை மோசே பார்வோனின் கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். இவன் அரசைப் பறிப்பானோ என்று சோதிக்க, தட்டில் பொன்னையும் தணலையும் வைக்கிறார்கள். பொன்னை நோக்கிப் போன கையைத் தேவதூதன் காபிரியேல் தள்ளிவிட, குழந்தை தணலை எடுத்து வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறான். நல்ல கதைதான். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. குறைக்கு ஒரு விபத்தைக் காரணமாகக் காட்டித் தேற்றிக்கொள்ளும் வழக்கம் அதில் தெரிகிறது. 14ஆம் நூற்றாண்டில் ஜெரோனா நகரத்து ரபி நிசிம் சொன்ன விளக்கம்தான் எனக்குப் பிடித்தது: மோசேயின் பேச்சு வன்மையில் மயங்கி மக்கள் தோராவை ஏற்றார்கள் என்று பிற்காலத்தில் ஒருவரும் சொல்லிவிடக் கூடாது, அதனால்தான் கடவுள் பேச்சு வராதவனாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாராம்.

வாசிக்கும்போது கடவுள் எதைச் செய்யவில்லை என்று கவனியுங்கள். 'மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார்?' என்று கேட்கிறார். 'நான் உன் வாயோடே இருப்பேன்' என்கிறார். வாயைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லவில்லை. மோசே அப்போதும் மறுக்க, கோபம் வருகிறது. கோபத்தோடேயே ஓர் ஏற்பாடு செய்கிறார். உன் அண்ணன் ஆரோன் நன்றாகப் பேசுவான், உன்னைச் சந்திக்க வந்துகொண்டிருக்கிறான், உன்னைக் காணும்போது உள்ளம் மகிழ்வான் என்கிறார். அந்தக் கடைசி விவரத்தை நண்பர் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். உதவிக்கு வருபவன் சலித்துக்கொண்டு வரவில்லை, மகிழ்ச்சியோடு வருகிறான்.

இன்னொன்று. யாத்திராகமத்தில் 'நான் வார்த்தைகளின் மனிதன் அல்லன்' என்று சொன்ன அதே மோசே, 40 ஆண்டு கழித்து உபாகமத்தில் நீண்ட உரைகள் ஆற்றுகிறான். அந்த நூலின் எபிரேயப் பெயரே 'த்வாரிம்'. வார்த்தைகள் என்று பொருள். தோராவைப் பெற்றதும் அவன் நாவு குணமாகிவிட்டது என்கிறது மித்ராஷ். மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லை. திக்கிக்கொண்டே அத்தனையும் பேசியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள நமக்கு இடமிருக்கிறது.

மூன்றாம் படி: சத்தமில்லாத இடத்தில் தொடங்குங்கள்

காலையில் கண் விழித்ததும் சொல்லும் 'மோதே அனி' எபிரேயத்தில் 12 சொற்கள்தான். ஆண்கள் 'மோதே' என்றும் பெண்கள் 'மோதா' என்றும் தொடங்குவார்கள். படுக்கையில் உட்கார்ந்தபடியே சொல்லலாம், கேட்க ஆளில்லை, முக்கியமாகப் பாரூக்கில் தொடங்கவில்லை. முதல் இரண்டு வாரங்களுக்கு இது மட்டும் போதும்.

அடுத்தது அமிதா. நின்று, மூன்று அடி முன்வைத்து, உதடுகளை அசைத்து, தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லும் நடுநாயகமான ஜெபம். இப்படி மெல்லச் சொல்ல வேண்டும் என்ற விதியை ரபிகள் எடுத்தது விவிலியத்தில் வரும் அன்னாளிடமிருந்து. பிள்ளை வரம் கேட்டு அழுதவளின் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தார் ஆசாரியர் ஏலி. அடைத்துக்கொண்ட வாயோடு கடையிலோ அலுவலகத்திலோ நின்று, 'தண்ணி போட்டிருக்கிறானா' என்ற பார்வையை வாங்கியவர்களுக்கு அன்னாள் சொந்தக்காரிதான். தல்மூத் அதோடு விடவில்லை. தவறாகச் சந்தேகப்பட்டவர் சமாதானம் சொல்ல வேண்டும், ஆசியும் கூற வேண்டும் என்று ஏலியின் கதையிலிருந்தே விதி எடுக்கிறது.

கிசுகிசுக்கும்போது நம்மில் பலருக்குத் திக்கல் குறையும். அமிதாவின் வாசலிலேயே, 'ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்' என்ற, விவிலியத்தின் சங்கீதப் புத்தக வரியை வைத்திருக்கிறார்கள். சரளமாகப் பேசுபவருக்கு அது அலங்காரம். நமக்கு அது விண்ணப்பம்.

எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்ற கவலை இந்த இடத்தில் வரும். 'கேள், இஸ்ரவேலே' என்று தொடங்கும் ஷெமாவின் எழுத்துகளைத் துல்லியமாக உச்சரிக்க வேண்டும் என்பது மரபு. துல்லியம் தவறினாலும் கடமை நிறைவேறியது என்ற ரபி யோசேயின் கருத்து, தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாவிலேயே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான ஷுல்கான் ஆரூக்கும் அதையே எடுத்துக்கொண்டது. நோயாலோ வேறு தடையாலோ வாய் திறக்க முடியாதவர் மனத்துக்குள் சொன்னாலும் ஏற்கும் என்றும் அதில் உண்டு. இதைவிட இனிமையான இடம் உன்னதப்பாட்டின் மித்ராஷ். ஒரு குழந்தை மோசே என்பதை மாசே என்று உளறினால், அதன் மழலை எனக்குப் பிரியம் என்கிறாராம் கடவுள்.

நான்காம் படி: தண்ணீர்க் குவளை

நண்பர் தாமே கண்டுபிடித்த பயிற்சி இது. ஆசி மொழியை வீணாகச் சொல்லக் கூடாது என்பது விதி. ஒத்திகை பார்க்கும்போது கடவுளின் பெயர் வரும் இடத்தில் 'ஹஷேம்' என்று மாற்றிச் சொல்வார்கள். ஆனால் மாற்றிச் சொல்லியே பழகினால், உண்மையான சொல் வரும்போது வாய் மறுபடியும் அடைக்கும். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒத்திகையையே விட்டுவிட்டார். மேசையில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துக்கொள்வார். தாகம் எடுக்கும்போது முழு ஆசியையும் உரிய பெயரோடு சொல்வார், குடிப்பார். சிறிது நேரம் கழித்து ஓர் ஆப்பிள். அதற்கு வேறு ஆசி. பிறகு ரொட்டி. எல்லாமே உண்மையான ஆசி, எதுவும் வீணில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பாரூக் எளிதில் சேர்ந்துவிடும்.

சொல்லும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ப' வருமுன் மூச்சு கொஞ்சம் வெளியேறத் தொடங்கியிருக்க வேண்டும். உதடுகள் ஒன்றையொன்று தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. அடைத்துவிட்டால் முட்டித் தள்ளாதீர்கள். நிறுத்தி, உதட்டைத் தளர்த்தி, அதே சொல்லை மெதுவாக மறுபடி தொடங்குங்கள். இது எந்தப் பேச்சுப் பயிற்சியாளரும் சொல்லித் தருவதுதான். யூத மரபு இதில் சேர்ப்பது காத்திருக்கும் ஒரு குவளையை மட்டும். சொல்லாமல் குடிக்க முடியாது. அவசரப்படுத்தவும் யாரும் இல்லை. ஒருமுறை ஆசி வர நேரமாகித் தேநீர் ஆறிப்போனதாம். ஆறிய தேநீரைக் குடித்தபடி அவர் மனைவியிடம் சொன்னார்: "இன்று ஏழாவது."

பெண்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் ஆசி நல்ல தொடக்கம். விளக்கை ஏற்றிவிட்டு, இரு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது வழக்கம். முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று திக்குபவருக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் படி: சொந்த மொழியில் பேசுங்கள்

பிராட்ஸ்லாவ் ரபி நாக்மான் (1772–1810) தன் சீடர்களை வயலுக்கோ தனி அறைக்கோ போய், தாய்மொழியில், கடவுளிடம் மனம்விட்டுப் பேசச் சொன்னார். தமிழ் தாய்மொழியானால் தமிழில் பேசுங்கள். பேச்சே வராத நாளில் என்ன செய்வது? ஒரே ஒரு சொல்லை, 'உலகத்தின் ஆண்டவரே' என்பதை மட்டுமாவது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருங்கள், அதுவும் மிக நல்லது என்றார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் நாம் கைதேர்ந்தவர்கள் அல்லவா!

ஆறாம் படி: கூட்டத்தோடு சேருங்கள்

தனியாகப் பேசும்போது திக்குபவர் பலர், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலாகச் சொல்லும்போதும் பாடும்போதும் தடையில்லாமல் சொல்வார்கள். திக்கலைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்திகளில் இதுவும் ஒன்று. யூத வழிபாடு இதற்கென்றே அமைந்தது போல் இருக்கும். வெள்ளி மாலை 'லெகா தோதி' பாட்டில் தொடங்கலாம். பாட்டில் உங்கள் குரலும் தடையின்றி ஓடும். பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பிறகு ஆமென். ஆசி சொல்பவரைவிட ஆமென் சொல்பவர் பெரியவர் என்று தல்மூத்தில் ஒரு கூற்று உண்டு. காதால் கேட்பது வாயால் சொன்னதற்குச் சமம் என்ற விதியும் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் வாயால் சொன்னால்தான் கணக்கில் சேரும் என்று பதற வேண்டாம். பெற்றோரை இழந்தவர் சொல்லும் காதிஷ் ஜெபத்தைப் பல இடங்களில் துக்கம் காப்பவர்கள் சேர்ந்தே சொல்கிறார்கள்; பக்கத்தில் ஒருவர் சேர்ந்து சொல்வாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

புதியவர்களைப் பயமுறுத்தும் ஒரு விஷயம் வேகம். சில ஜெப ஆலயங்களில் ரயில் போவது போல் முணுமுணுத்துப் பக்கங்களைத் தாண்டிவிடுவார்கள். அவர்களைத் துரத்தாதீர்கள். பாதி சொல்லி, அடுத்த பாட்டில் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும். உட்காரும் இடத்தையும் பாருங்கள். கடைசி வரிசையில் கூட்டத்தின் குரல் மெலிந்துவிடும். உங்கள் குரல் தனியாகக் கேட்கும். நடுவில் உட்காருங்கள்.

ஏழாம் படி: கபாயிடம் நேரில் சொல்லிவிடுங்கள்

யாரைத் தோரா வாசிப்புக்கு மேடைக்கு அழைப்பது என்று தீர்மானிப்பவர் கபாய். சனிக்கிழமை காலையில் 7 பேர் அழைக்கப்படுவார்கள். பழமை பேணும் சபைகளில் ஆண்களை மட்டும் அழைப்பார்கள். சீர்திருத்த, தாராளவாத, மசோர்த்தி சபைகளில் பெண்களையும் அழைப்பார்கள். முன்னறிவிப்பின்றி அவர் உங்கள் பக்கம் திரும்பி விரலை அசைத்தால் நெஞ்சு அடைத்துவிடும். ஆகவே வார நாளில் ஒருமுறை போய்ப் பார்த்து, மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். எனக்குத் திக்கும். அடைக்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டாம். அழைப்பதானால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்.

இந்த மூன்றைச் சொல்ல நண்பருக்கு நான்கு நிமிடம் ஆனதாம். "பரவாயில்லை, எனக்கு எப்படியும் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது" என்றாராம் கபாய்.

வாய் திறக்காமல் பெறும் மரியாதைகளும் இருக்கின்றன. தோராச் சுருள்கள் இருக்கும் பேழையின் கதவைத் திறப்பது, வாசித்து முடித்த சுருளை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பது, அதைச் சுருட்டி உறையிடுவது. மேடைக்கு ஏறிப் பழக இவை அருமையான வழி. ஆனால் எச்சரிக்கை: நண்பர் ஓராண்டு முழுவதும் சுருளை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தார். தோள் பலமானது. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மேடைக்கு அழைக்கப்படுபவர் தோராவைத் தாமே வாசிக்க வேண்டியதில்லை. அதற்குத் தனி வாசிப்பாளர் உண்டு. சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, இராகக் குறிகளும் இல்லை; அதைப் பழகியவர்தான் வாசிக்க முடியும். நீங்கள் சொல்ல வேண்டியது வாசிப்புக்கு முன்னும் பின்னுமான ஆசிகள் மட்டும். அவை எழுதிய அட்டை பெரும்பாலும் மேடையிலேயே இருக்கும்.

வாசிப்பாளர் தவறினால் சபையிலிருந்து நாலு பேர் சத்தமாகத் திருத்துவதைப் பார்த்துப் புதியவர்கள் மிரண்டுபோவார்கள். பொருள் மாறும் பிழையைத் திருத்தியாக வேண்டும் என்பது மரபு. அதில் வன்மம் இல்லை. ஆனால் திக்கல் பிழை அல்ல என்று கபாய் முன்கூட்டியே நாலு பேரிடம் சொல்லிவைப்பது நல்லது.

மரபுக்கு இன்னொரு முகமும் இருப்பதை மறைக்கக் கூடாது. ஆலெப் எழுத்தையும் ஆயின் எழுத்தையும் மாற்றி உச்சரிக்கும் ஊர்க்காரர்களைச் சபைக்குத் தலைமை தாங்க விடாதீர்கள் என்று தல்மூத்தில் இருக்கிறது. திக்குபவர் ஜெபத்தை முன்நின்று நடத்தலாமா, கடவுளின் பெயரில் அடைத்துத் திரும்பச் சொன்னால் என்ன என்பதையெல்லாம் உங்கள் ரபியிடம் நேரில் கேளுங்கள். கேட்கும்போது, தன்னால் இயலாததற்கு ஒருவரைத் தோரா பொறுப்பாக்குவதில்லை என்ற தல்மூத் விதியையும் நினைவில் வைத்திருங்கள். 'வெட்கப்படுபவன் கற்றுக்கொள்ள மாட்டான்' என்றார் பழங்கால ஆசான் ஹில்லேல். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். 1743இல், 14 வயதில், தெஸ்ஸாவிலிருந்து பெர்லினுக்கு வந்து சேர்ந்த யூதத் தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோனுக்குத் திக்குவாயும் இருந்தது, கூன் முதுகும் இருந்தது. பிற்காலத்தில் அந்த நகரத்தின் அறிஞர்கள் அவர் பேச்சைக் கேட்க அவர் வீடு தேடிப் போனார்கள்.

எட்டாம் படி: கூட இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை உங்கள் வீட்டாரிடம் காட்டுங்கள். பிறர் பேசும்போது இடையில் புகாதவன்தான் அறிவாளி என்கிறது ரபிகளின் அறமொழித் தொகுப்பான பிர்கே அவோத். திக்குபவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைப்பதும் இடையில் புகுவதுதான். நல்லெண்ணத்தோடு செய்தாலும் அப்படித்தான். 'மூச்சை இழுத்துவிட்டுப் பேசு' என்றும் சொல்லாதீர்கள். பலர் முன்னிலையில் ஒருவரை வெட்கப்படுத்துவது இரத்தம் சிந்துவதற்குச் சமம் என்கிறது தல்மூத். முகத்தில் சிவப்பு போய் வெளுப்பு வருவதையே அதற்குச் சாட்சியாகக் காட்டுகிறது.

பஸ்கா இரவு விருந்தில் வீட்டின் கடைக்குட்டி நான்கு கேள்விகள் கேட்கும் வழக்கம் உண்டு. அந்தக் கடைக்குட்டிக்குத் திக்கினால், கேள்வியை அண்ணனுக்கு மாற்றிவிடாதீர்கள். பாட்டாகப் பாடட்டும், அல்லது எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், அல்லது அது முடிக்கும் வரை சூப் ஆறட்டும். அன்றிரவு வாசிக்கும் ஹகதாவில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். நான்காமவன் கேட்கத் தெரியாதவன். அவனைப் பற்றித் தகப்பனுக்கு இடும் கட்டளை எபிரேயத்தில் மூன்றே சொல்: நீ அவனுக்குத் திறந்துவை.

ஒன்பதாம் படி: நாள் குறியுங்கள்

தோராவை வாரம் ஒரு பகுதியாக ஓராண்டில் வாசித்து முடிப்பார்கள். மோசே 'திக்குவாயன்' என்று சொல்லும் பகுதி பெரும்பாலும் ஜனவரியில் வரும், நம் மார்கழி–தை. 'வார்த்தைகள்' என்று தொடங்கும் உபாகமத்தின் முதல் பகுதி பெரும்பாலும் ஜூலை பிற்பாதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ, அதாவது ஆடியில் வரும். இடையில் ஆறேழு மாதம் இருக்கிறது. நண்பர் தையில் கபாயைப் பார்த்து, ஆடிக்கு நாள் கேட்டுக்கொண்டார். நீங்களும் அப்படியே செய்யலாம். முன்பின் ஆனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அந்தச் சனிக்கிழமை நான் ஐந்தாவது வரிசையில் இருந்தேன். பெயர் சொல்லி அழைத்ததும் எழுந்து போனார். வாசிப்பாளர் காட்டிய சொல்லை ஜெபச் சால்வையின் நுனியால் தொட்டு முத்தமிட்டார். குஞ்சங்கள் நடுங்கியது என் இடத்திலிருந்தே தெரிந்தது. சுருளின் மரக் கைப்பிடிகளைப் பிடித்தார். சபையை ஜெபத்துக்கு அழைக்கும் முதல் சொல் 'பார்கூ'. உதடுகள் மூடின, திறக்கவில்லை. மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ ஒரு குழந்தை புத்தகத்தைக் கீழே போட்டது. கபாய் கையைக் கட்டிக்கொண்டு சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு. நண்பர் முட்டித் தள்ளவில்லை. உதட்டைத் தளர்த்துவதைப் பார்த்தேன், தண்ணீர்க் குவளையின் முன் செய்வது போல. ஒன்பதில் வந்தது. சபை முழுவதும் ஒரே குரலாகப் பதில் சொன்னது. அவர்களோடு சேர்ந்து அடுத்த வரியை அவர் தடையில்லாமல் சொல்லிவிட்டார். அதன் பிறகு வந்த ஆசிகளில் இன்னும் மூன்று இடங்களில் அடைத்தது. மூன்றையும் கடந்தார்.

இறங்கி வரும்போது வரிசையோரம் இருந்தவர்கள் கை நீட்டி 'யஷர் கோவாக்' என்று வாழ்த்தினார்கள், உன் வலிமை நிலைக்கட்டும் என்று. இதற்கு முறையாகச் சொல்ல வேண்டிய பதில் 'பாரூக் திஹ்யே'. மறுபடியும் பாரூக்! இதை நாங்கள் இருவருமே யோசித்து வைத்திருக்கவில்லை. முதல் ஆளிடமே அடைத்துவிட்டது. அவர் எண்பது வயதிருக்கும் ஒரு கிழவர். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளாமல், நண்பரின் கையைப் பிடித்தபடியே, சொல் வரும் வரை நின்றுகொண்டிருந்தார்.